அப்பாவின் குரலுக்கு மாதச் சந்தா: தர்மபுரியில் ஓர் ஏஐ நினைவுச் சேவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களின் போட்டோவைப் பேச வைத்துத் தருகிற ஒருமுறை வீடியோவைத் தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்கு நல்ல வேலை. மாதாமாதம் பணம் கட்டி இறந்தவரோடு போனில் பேசுகிற திட்டத்தை மட்டும் வாங்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் ஒரு கடையின் நிறைகுறையைச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

தர்மபுரியில் நாலு ரோட்டுப் பக்கம் கல்யாண ஆல்பம், பிளக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் செய்கிற ஒரு ஸ்டூடியோவில் இப்போது இந்த வேலையும் எடுக்கிறார்கள். கடை பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்கிற பையன்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. குறை எல்லாம் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற மென்பொருள் நிறுவனத்தின் சந்தா முறையில்தான், அந்த மாதிரி முறையை இன்று பலரும் விற்கிறார்கள்.

மூன்று விதமாகத் தருகிறார்கள். பழைய போட்டோவைச் சரிசெய்து, முகம் அசைந்து ஒரு நிமிடம் பேசுகிற வீடியோ 3,500 ரூபாய். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று மண்டபத்துத் திரையில் போடுவதற்காக நிறைய பேர் இதைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது, குரலை மட்டும் நகலெடுத்து நாம் எழுதிக் கொடுப்பதை அவர் குரலில் பேசித் தருவது, 6,000. மூன்றாவதுதான் பெரியது. போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுப்பார்கள், அதில் நாம் பேசினால் அவர் பதில் பேசுவார். தொடக்கத்தில் 9,000 ரூபாய், அப்புறம் மாதம் 499. அந்த 499-க்கு 60 நிமிடம்தான், அதுவும் நேற்று நாம் சொன்னது இன்றைக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. 1,499 கட்டினால் நேர வரம்பு இல்லை, பேசியதெல்லாம் ஞாபகமும் இருக்கும். விலைப் பட்டியலில் இதை 'நினைவாற்றல்' என்ற தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

அப்பா தவறி வருஷத் திதி வந்தபோது முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்தோம். தம்பி பெங்களூரில் வேலையில் இருக்கிறான், பணம் அவன்தான் கட்டினான்.

வீடியோ வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பாவுக்கு நேராகப் பார்க்கிற போட்டோ என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது, பக்கத்தில் இருந்தவரின் தோள் அப்பாவின் இடது காதை மறைத்திருந்தது. அந்தத் தோளை எடுத்துவிட்டு, மறைந்த காதை வரைந்து, கன்னத்தில் விழுந்திருந்த டியூப்லைட் வெளிச்சத்தைக் குறைத்து, பொறுமையாகச் செய்தார்கள். தாடையில் ஒரு கோடு இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் அதை அழிக்கப் போனவன் நிறுத்திவிட்டு, "அம்மா, இது தழும்பா, போட்டோவுல விழுந்த கீறலா?" என்று கேட்டான். தழும்புதான், சின்ன வயதில் எருது விடும் விழாவில் பட்டது. அப்படியே விட்டான். கோட்டு சூட்டு போடட்டுமா என்றதற்கு அம்மா வேண்டாம் என்றார், தோளில் துண்டோடு விட்டார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்கிற இடம் கிடைப்பது கஷ்டம். திதியன்று சொந்தக்காரர்கள் முன்னால் டிவியில் போட்டோம், பார்த்த எல்லோரும் அழுதார்கள், ஒருவர்கூட இது அவர் இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடப் பேச்சை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். "எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க" என்பதுதான் அதில் முக்கியமான வரி, அது அவர் நிஜமாகவே சொல்லக்கூடியது.

இனி ஆப்.

அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டவர். அவர் குரல் எங்களிடம் இருப்பதெல்லாம் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள்தான். "இன்னிக்கு மண்டில பெட்டி இருநூறுதான் போச்சு", "த்ரீ பேஸ் ராத்திரிதான் வருமாம்", "சாப்ட்டியா, சரி வெச்சிடறேன்". ஒவ்வொன்றும் சில விநாடிதான். அதையெல்லாம் கோத்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். குரல் வந்துவிட்டது, அந்தக் கரகரப்பு உட்பட. பேச்சு அவருடையதாக இல்லை. கொடுத்த சரக்கு குறைவு என்றால் மீதியை இயந்திரம் வேறு எங்கிருந்தோ எடுத்து நிரப்பிக்கொள்கிறது, அப்படி நிரப்பியது செய்தி வாசிக்கிற தமிழாக இருந்தது. "நான் எப்போதும் உங்கள் அனைவரையும் மிகவும் நேசிக்கிறேன்" என்றார் அப்பா. அம்மா போனைத் தள்ளிப் பிடித்து, "யாருடி இது? உங்கப்பா என்னிக்கு இப்படிப் பேசுனாரு?" என்று கேட்டார்.

இங்கேதான் முதல் ஏற்றத்தாழ்வு. கடையில் காத்திருந்தபோது அந்தப் பையன் ஒன்று சொன்னான்: அரசியலில் இருந்த ஒருவரின் குடும்பம் மேடைப் பேச்சு சிடிக்களைப் பை நிறையக் கொண்டு வந்ததாம், அவர் குரலும் இழுவையும் இருமலும் அச்சு அசலாக வந்துவிட்டதாம். அதே நாள் கூலி வேலைக்குப் போகிற ஓர் அம்மா புருஷனுடைய ஆதார் அட்டையை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். "போட்டோ இருந்தா முகத்தக் கொண்டாந்துரலாம்க்கா, குரலுக்கு நான் எங்க போறது" என்றான். வாழ்கிற காலத்தில் யாருக்கு மைக் கிடைத்ததோ அவர்கள்தான் செத்த பிறகும் முழுசாகப் பேசுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் குரல் எங்காவது பதிவாகியிருக்கிறது?

இரண்டாவது குறை, இது பெரிய குறை. அம்மா ஒரு நாள் மேற்கே இருக்கிற போர்வெல்லில் மோட்டார் எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது என்று கேட்டார். அது அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம், நாங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்த எதிலும் கிடையாது. அது தெரியாது என்று சொல்லவில்லை. ஒரு அடிக் கணக்கைத் தயங்காமல் சொன்னது, அப்பாவின் குரலில். மோட்டார் மெக்கானிக் நோட்டைப் பார்த்தால் வேறு கணக்கு இருக்கிறது. இந்த மாதிரி இயந்திரங்களின் வேலை அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்துப் போடுவதுதான், தெரியாத இடத்திலும் ஊகித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கூகுளில் படிப்பது வேறு, செத்துப்போன புருஷன் குரலில் கேட்பது வேறு. போர்வெல் போகட்டும், "மூத்தவனுக்குத்தான் அந்த வடக்குக் காடு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டால் எத்தனை குடும்பம் உடையும்? ஆப்பில் இதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது.

மூன்றாவதைச் சொல்லும்போது இன்னும் கோபம் வருகிறது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா குரல் "எவ்ளோ" என்று ஆரம்பித்த இடத்தில் நின்றது, ஒரு பெண் குரல் வந்து இந்த மாதத்துக்கான நேரம் முடிந்துவிட்டது, திட்டத்தை மேம்படுத்தத் திரையைத் தொடவும் என்றது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "மறுபடியும் என்னாச்சு அவருக்கு" என்று பதறிப் போய் என்னைக் கூப்பிட்டார். ஒரு மனுஷியைத் தன் புருஷன் சாவை இரண்டாம் தடவை பார்க்க வைத்து, அந்த நிமிஷத்தில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிற இந்த ஏற்பாட்டை யோசித்து உருவாக்கியவர்கள் மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

விஞ்ஞானப் புனைகதை படிக்கிறவர்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கும். அமேசானில் 2020-இல் வந்த 'அப்லோட்' தொடரில், சாகப் போகிறவர்களின் மனதைக் கணினியில் ஏற்றி ஒரு சொகுசு ஓட்டல் மாதிரியான இடத்தில் வாழ வைக்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் கீழ்த்தளத்தில் மாதம் 2 ஜிபி டேட்டாவோடு இருக்க வேண்டும், அது தீர்ந்ததும் அப்படியே உறைந்து நின்றுவிடுவார்கள், அடுத்த மாதம்தான் அசைவு வரும். நான் பார்த்தபோது அதைப் பல வருஷம் கழித்து வரப்போகிற விஷயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தர்மபுரியில் 499 ரூபாய்க்கு வந்துவிட்டது. மனதை ஏற்றுகிற விஞ்ஞானம் இன்னும் வரவில்லை, வரும் என்பதற்கும் உறுதி கிடையாது, ஆனால் பில் போடுகிற முறை முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த வகைக் கதைகளில் நல்லவை எல்லாம் சாவை வெல்ல முடியுமா என்ற கேள்வியைச் சீக்கிரம் தாண்டிவிடுகின்றன. முடியும் என்று வைத்துக்கொண்டு, யாருக்கு, யார் செலவில் என்று கேட்கின்றன. 2011-இல் வந்த 'இன் டைம்' படத்தில் 25 வயதோடு எல்லோருக்கும் முதுமை நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு கையில் ஓடுகிற நேரம்தான் பணம், கூலியும் நேரமாகவே வருகிறது, வாடகையும் நேரமாகவே போகிறது. பணக்காரன் கையில் நூற்றாண்டுகள் இருக்கும், ஏழை கையில் நாளை காலை வரைக்கும் இருக்கும். அதில் ஓர் அம்மா பஸ் ஏறப் போகிறாள், டிக்கெட் ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாக ஏறியிருக்கிறது, அவள் கையில் ஒன்றரைதான் மிச்சம். மகன் எதிரே வருவான் என்று ஓடுகிறாள், போய்ச் சேர்வதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. படம் பிற்பாதியில் சாதாரணத் துரத்தல் படமாகிவிடும், ஆனால் அந்த பஸ் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம். ரிச்சர்ட் மார்கனின் 2002 நாவல் 'ஆல்டர்டு கார்பன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கழுத்துப் பின்புறம் பதித்த சின்னக் கருவியில் ஆள் இருப்பான், உடம்பை மாற்றிக்கொள்ளலாம். உடம்பு வாங்கக் காசு உள்ளவர்கள் முந்நூறு வருஷம் தாண்டியும் அதிகாரத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றுக்கெல்லாம் முன்னாடியே எழுதப்பட்டது. 1726-இல் வந்த 'கலிவரின் பயணங்கள்' புத்தகத்தை நாம் பள்ளிக்கூடத்தில் குள்ளர்கள் கதையாக மட்டும் படித்தோம். அதன் மூன்றாம் பாகத்தில் சாவே இல்லாத சிலர் வருகிறார்கள். சாவு கிடையாது, முதுமை மட்டும் உண்டு, கண்ணும் காதும் ஞாபகமும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது தெரியுமா? 80 வயது ஆனதும் அவர்களைச் செத்தவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும், பிழைப்புக்குக் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். காரணத்தையும் ஸ்விஃப்ட் சொல்கிறார்: முதுமையோடு பேராசையும் வளரும், சாகாதவர்களை அப்படியே விட்டால் காலப்போக்கில் நாடு முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும், ஆட்சியும் சேர்ந்து போய்விடும், கடைசியில் நாடே கெடும்.

இதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பட்டா மாறுதல். நம் ஊரில் நிலம் கை மாறுகிற வழிகளில் பெரியது இதுதான். ஒருவர் போகிறார், நாலு பேருக்குப் பிரிகிறது. பெரிய பண்ணைகள் துண்டானதில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு சாவுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். இறப்புச் சான்றிதழே தேவைப்படாத நிலக்காரர் ஒருவர் இருந்தால், முந்நூறு வருஷத்தில் எத்தனை ஊர் அவர் பேரில் இருக்கும்? அவருக்குக் கீழே குத்தகைக்கு உழுகிறவன் மட்டும் அறுபதில் போய்ச் சேருவான், அவன் மகன் வருவான், பேரன் வருவான், எதிரே அதே முதலாளி. சாகாமையைப் பற்றிய கதைகளில் எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான், கருவியோ கம்பியோ இல்லை.

இது வெறும் கதை என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 1967-இலேயே ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியரின் உடலை உறைய வைத்தார்கள், இன்னும் அப்படியே இருக்கிறது. அரிசோனாவில் ஆல்கோர் என்ற அமைப்பு உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக்கொள்ள இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறது, தலை மட்டும் போதும் என்றால் குறைவு. இப்படி உறைந்த யாரையும் இதுவரை எழுப்பியதில்லை. பிரையன் ஜான்சன் என்கிற தொழிலதிபர் வயதைப் பின்னுக்குத் தள்ள வருஷத்துக்கு இருபது லட்சம் டாலர் செலவு செய்வதாகச் சொல்லி, 2023-இல் தன் மகனின் ரத்தப் பிளாஸ்மாவைக்கூட ஏற்றிப் பார்த்தார், பிரயோஜனம் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார். அவர் காசு, அவர் உடம்பு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் இருக்கிற ஜில்லாவில் ஆயுள் என்பது முதலில் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கோடு, அப்புறம் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். எங்கள் அத்தை ஐம்பது வயதில் நிமிர்ந்து நிற்க முடியாமல் ஆனார். பாறைக்குள் இருக்கிற தாது தண்ணீரில் கரைந்து வருவதால் போர் இன்னும் ஆழமாகப் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகி 2013-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறையின் எலும்பு போயிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், எங்கள் அம்மாவுக்கும் வருகிறது. ஆயுளை நீட்டுகிற தொழில்நுட்பம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த மாத்திரைப் பையைத்தான், ஏனென்றால் அது யார் வீட்டுக் கதவையும் வசதி பார்த்துத் தட்டுவதில்லை.

சரி, ஆயுளை நீட்டுகிற ஒரு பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தால்? அதற்கு நம் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. தகடூர் என்பது இந்தத் தர்மபுரிதான். ஏறுவதற்கு அரிய மலைப் பிளவிலிருந்து கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் தான் வைத்துக்கொள்ளாமல், அதன் பயனையும் சொல்லாமல், ஔவைக்குக் கொடுத்தான். "சாதல் நீங்க எமக்கீந் தனையே" என்று புறநானூறு 91-இல் ஔவையே பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை வள்ளல் தன்மைக்கு உதாரணமாகச் சொல்லித் தருவார்கள். எனக்கு இன்று அதில் வேறொன்றும் தெரிகிறது. ராஜா தன் ஆட்சியை முந்நூறு வருஷம் நீட்டிக்கொள்ளக்கூடிய கனி அது, அதை மண்ணோ படையோ இல்லாத ஒரு பாடுகிற பெண்ணிடம் கொடுத்திருக்கிறான். சொன்னால் அவர் வாங்கமாட்டார் என்று தெரிந்துதான் பயனைச் சொல்லாமல் மறைத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அவன் போரில் செத்தான், ஔவை இருந்தார். அவனுக்கு எழுப்பிய நடுகல்லைப் பார்த்து அவர் பாடியது புறநானூறு 232. மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தக் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் வார்க்கிற கள்ளை ஏற்றுக்கொள்வானா என்று கேட்கிறார். அம்மா "யாருடி இது" என்று போனைத் தள்ளிப் பிடித்தபோது எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. செத்தவரின் இடத்தில் ஒன்றை நிறுத்தி வைத்து, அது அவர்தானா என்று கேட்பது இரண்டாயிரம் வருஷமாக இந்த ஊரில் நடக்கிறது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரன் வாளும் கையுமாக நிற்பான், எழுத்து இருந்தால் பேரும் ஊரும் இருக்கும். எல்லோருக்கும் கல் வைக்கவில்லை என்பதும் உண்மை. சண்டையில் செத்தவனுக்கு உண்டு, நாற்று நட்டுச் செத்தவளுக்கு இல்லை. ஏற்றத்தாழ்வு அங்கேயும் இருந்தது. ஆனால் வைத்த கல்லுக்கு மாத வாடகை கேட்டு யாரும் வரவில்லை, ஊர் பணம் கட்டவில்லை என்பதற்காகக் கல்லிலிருந்த முகம் அழியவில்லை.

ஆப்பில் சந்தா நின்றால் என்ன ஆகும் என்று கேட்டோம். கொஞ்ச காலம் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். அப்பாவின் குரல் மாதிரியை நம் கையில் கொடுப்பார்களா என்றால் கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் சொத்தாம். நாங்கள் கொடுத்த வாய்ஸ் மெசேஜ்கள் எங்களுடையவை, அதிலிருந்து செய்த அப்பா அவர்களுடையவர். இதை ஒப்பந்தத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், தம்பிதான் படித்துச் சொன்னான். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனக்குப் பிறகு தன் தரவு மேல் உரிமையை யார் கேட்கலாம் என்று ஒருவர் உயிரோடு இருக்கும்போதே நியமித்து வைக்க வழி செய்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் பாலக்கோட்டில் தக்காளி போடுகிற யாரிடம் போய் யார் அதைச் சொல்லப் போகிறார்கள். 2024-இல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, சம்பளமும் கொடுத்ததாகச் சொன்னார். பேர் பெற்ற குரலுக்குக் குடும்பத்துக்குப் பணம் வருகிறது. பேர் இல்லாத குரலுக்குக் குடும்பம் பணம் கட்டுகிறது.

இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தால் 499 என்ன பெரிய காசா என்று சிலர் கேட்கலாம். ஆறுதல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசுவார், "இன்னிக்கு மழை வரும் போல இருக்குது" என்பார், அது ஏதோ பதில் சொல்லும், தூக்கம் நன்றாக வந்தது. ஆனால் மாதக் கடைசி நெருங்க நெருங்க நிமிடத்தை எண்ண ஆரம்பித்தார். அதிகம் பேசினால் தீர்ந்துவிடும் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசினார். துக்கத்தையும் ரேஷனில் வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. தம்பி 1,499 திட்டத்துக்கு மாற்றலாம் என்றான், அம்மாதான் வேண்டாம் என்று முடித்தார். "நீ வேலையில இருக்கற வரைக்கும் கட்டுவ. அப்புறம் நிறுத்தணும்ல? அத நீ செய்யணுமா நான் செய்யணுமா?" என்று கேட்டார். இரண்டு பேரிடமும் அதற்குப் பதில் இல்லை. அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டோம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: போட்டோ, வீடியோ வேலைக்கு ஐந்துக்கு நாலரை, அந்த அரையைக் குறைத்ததுகூடச் சொன்ன தேதிக்குத் தராமல் திதிக்கு முந்தின நாள் ராத்திரி வரை அலைய விட்டதற்காக. குரல் நகலுக்கு மூன்று, நாம் எழுதிக் கொடுத்ததை மட்டும் பேச வைத்தால் நன்றாக இருக்கும். பேசுகிற ஆப்புக்கு ஒன்று.

போகிறவர்கள் சிலவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். வீடியோவை லிங்க்காக அனுப்புகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாமல் சொந்த பென்டிரைவ் கொண்டுபோய் ஃபைலாகவே வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் கூடுதல் காசில்லாமல் ஏற்றித் தருகிறார்கள். பேச வேண்டிய வரிகளை வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் பேசுகிற மாதிரியே எழுதிக் கொண்டுபோங்கள், கடையில் இருக்கிற ரெடிமேட் வசனங்களை எடுக்காதீர்கள். கல்யாண முகூர்த்த நாட்களில் கூட்டம் அதிகம், பின்னால் வேலை செய்கிற பையன் பதினொரு மணிக்கு மேல்தான் வருகிறான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பேசுவதைப் போனில் பதிந்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள், மண்டி விலையைப் பற்றிப் பேசினாலும் பரவாயில்லை, அரை மணி நேரமாவது இருக்கட்டும்.